ஆமோஸின் ஃபைலில் இருந்த வார்த்தைகள்

கிழக்கு தாம்பரம்
14.6.2006

அண்ணிக்கு, ஹில்டா எழுதுவது. ஸ்தோத்திரம்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மூன்று முறை போன் செய்தேன். என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். படப்பைக்கும் தாம்பரத்துக்கும் ஒரு பஸ் தூரம்தான். ஆனால் நேரில் வந்தால் என்னை முழுதாகப் பேச விடமாட்டீர்கள். கடிதத்தைப் பாதியில் நிறுத்தினாலும் மீதி அதிலேயே இருக்கும். அதனால் எழுதுகிறேன்.

எட்வினுக்கு ஷர்மிளாவைக் கேட்டு நீங்கள் பூவும் பழமுமாக வந்தபோது நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. தாய்மாமன் மகளை முறைப்படி கேட்கிறீர்கள். பிள்ளைகளுக்கும் ஒருவரையொருவர் பிடித்திருக்கிறது. "ரெண்டு பேருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிட்டுத் தேதி குறிக்கலாம்" என்று மட்டும்தான் சொன்னேன். நீங்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டீர்கள். "மாடு வாங்கறவன்கூட பல்லைப் பாத்துட்டு விட்ருவான்டி" என்று வாசலில் நின்று சொன்னது பக்கத்து வீடு வரை கேட்டது.

நான் ஏன் கேட்டேன் என்று நீங்கள் கேட்கவில்லை. சொல்கிறேன்.

நான் எட்டாவதோடு நின்றவள். என் இங்கிலீஷ், தமிழ் வேதாகமத்தையும் இங்கிலீஷ் வேதாகமத்தையும் அருகருகே வைத்து வரிக்கு வரி விரல் வைத்து நானாகப் படித்தது. ஆடு, மேய்ப்பன், அக்கிரமம், மன்னிப்பு எல்லாவற்றுக்கும் இங்கிலீஷில் வார்த்தை தெரியும். மருந்துச் சீட்டு படிக்கத் தெரியாது. இந்தக் கோடையில் ஷர்மிளாவின் காலேஜ் புத்தகத்தை எடுத்தேன். பெற்றவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கு என்னென்ன இறங்குகிறது என்கிற பாடம். ஒரு மடத்துச் சாமியார் தோட்டத்தில் பட்டாணி விதைத்து, வருஷக்கணக்கில் எண்ணிக் குறித்து வைத்திருக்கிறார். கடவுளுக்கு ஊழியம் செய்தவர் பார்த்த வேலை என்பதால் தைரியமாகப் படித்தேன். நாளைக்கு ஐந்து வார்த்தை. நோட்டில் வார்த்தை, அர்த்தம், சொந்தமாக ஒரு வாக்கியம், ஷர்மிளா திருத்துவாள்.

'டாமினன்ட்' என்றால் கூட இருப்பதை அமுக்கிவிட்டுத் தான் மட்டும் வெளியே தெரிவது. 'மை சிஸ்டர் இன் லா இஸ் டாமினன்ட்' என்று எழுதினேன். "கிராமர் சரிம்மா, ஆனா அத்தைகிட்ட காட்டிடாதே" என்று சிரித்தாள். 'ரிசெஸிவ்' என்றால் உள்ளே இருக்கும், வெளியே தெரியாது. 'கேரியர்' என்றால் நோயைத் தன் உடம்பில் காட்டாமல் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடியவர்.

அதை எழுதும்போது என் கை நின்றுவிட்டது. அந்த எழுத்துகளை நான் எங்கோ பார்த்திருக்கிறேன்.

பீரோவிலிருந்து ஆமோஸின் ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்தேன். பிள்ளை போனதிலிருந்து அதைத் திறந்ததில்லை. எண்பத்து மூன்று தடவை ரத்தம் ஏற்றியதற்கும் நாள்வாரியாக நான் அடுக்கிய காகிதங்கள். எல்லாவற்றுக்கும் அடியில் முதல் காகிதம், 1993 ஜனவரி. தலசீமியா என்று நோயின் பெயர். அதன் கீழே, 'போத் பேரன்ட்ஸ் கேரியர்ஸ்.' தாய் தகப்பன் இருவருமே. ஆறரை வருஷம் இதை மஞ்சள் பையில் சுமந்திருக்கிறேன். மழை வந்தால் பிளாஸ்டிக்கில் சுற்றுவேன். என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

ஆமோஸ் அடக்கத்தன்று சபைப் பெண்கள் நடுவில் நீங்கள் சொன்னீர்கள்: "பெத்தவ செஞ்சதைப் புள்ள அனுபவிச்சுது." நான் நம்பினேன், அண்ணி.

இருவரும் கேரியராக இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளையும் ஆமோஸ் மாதிரி ஆக நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. நம் குடும்பத்தில் இன்னொரு குழந்தை ரத்தப் பாட்டிலுக்காகப் பிறக்கக் கூடாது. நான் கேட்பது அவ்வளவுதான்.

ஹில்டா


படப்பை
21.6.2006

ஹில்டாவுக்கு,

டாக்டரம்மாவின் கடிதம் கிடைத்தது. எட்டாவது படித்தவள் பட்டாணியை எண்ணி என் பிள்ளைக்கு ரத்தம் பார்க்கச் சொல்கிறாய். எட்வின் ஒரகடத்தில் இரண்டு ஷிப்ட் சேர்ந்தாற்போல் நின்றாலும் தலைவலி என்று ஒருநாள் படுத்ததில்லை. இருபத்தாறு வயதில் அவனைத் தரையில் கிடத்திச் சோதிக்கச் சொல்ல நீ யார்?

நம் வீட்டில் நாலு தலைமுறையாக அத்தை மகள், மாமன் மகள்தான். நீயே என் அப்பாவின் தங்கை மகள். அந்த முறையில்தானே என் தம்பி ஏசுபாதம் உன்னைக் கட்டினான்? அன்றைக்கு எந்தப் புத்தகத்தைப் பார்த்தாய்?

காகிதத்தை நேற்றுத்தான் பூமியிலிருந்து தோண்டி எடுத்த மாதிரி எழுதுகிறாய். தம்பி அன்றைக்கே என்னிடம் வந்து சொன்னான், இரண்டு பேர் ரத்தத்திலும் இருக்கிறதாம் என்று. குலுங்கிக் குலுங்கி அழுதான். சபைக் கமிட்டிக்கு அவன் பெயர் வந்திருந்த சமயம். "உன் ரத்தத்துல குறைன்னு தெரிஞ்சா நாளைக்கு நாலு பேர் முன்னாடி எப்படிடா நிப்பே, வாயை மூடிக்கினு இரு" என்று நான்தான் சொன்னேன். என் தம்பியை நான் காப்பாற்றினேன். எந்த அக்காவும் அதைத்தான் செய்வாள்.

பெண்ணைக் கொடுக்கிறாயா, இல்லையா? அதை மட்டும் எழுது.

ஞானம்மாள்


கிழக்கு தாம்பரம்
26.6.2006

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. தம்பி அன்றைக்கே சொன்னான் என்கிற வரிக்கு மேல் படிக்க எனக்கு மறுநாள் ஆயிற்று.

அவர் டூட்டிக்குப் போக ஷூ மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஆமோஸ் ஃபைல்ல முதல் பேப்பர்ல இருந்தது உங்களுக்குத் தெரியுமா?"

"எந்தப் பேப்பர்?"

"நீங்க டாக்டர்கிட்ட இங்கிலீஷ்ல பேசிட்டு, மாசாமாசம் ரத்தம் ஏத்தணுமாம்னு மட்டும் எனக்குச் சொன்னீங்களே, அந்தப் பேப்பர்."

ஷூ கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரிஞ்சு நீ இன்னா பண்ணியிருக்கப் போறே? ரத்தத்தை மாத்தியிருப்பியா?" என்று எழுந்து போய்விட்டார்.

மாற்றியிருக்க மாட்டேன், அண்ணி. அதற்குப் பதிலாக நான் செய்தது என்னவென்று உங்களுக்குச் சொல்கிறேன். ஒரு நோட்டில் இடது பக்கம் ஆமோஸின் ரத்த அளவும், எந்தக் கையில் ஊசி என்பதும் எழுதுவேன். வலது பக்கம் என் பாவங்கள். பத்து வயதில், காணிக்கைக்குக் கொடுத்த காசில் கமர்கட் வாங்கித் தின்றது. கல்யாணத்துக்கு முன் எதிர்வீட்டுப் பையன் பாடுவதைக் கேட்க ஜன்னலோரம் நின்றது. ஆமோஸ் வயிற்றில் இருந்தபோது ஜெபிக்காமல் தூங்கிய ஒரு செவ்வாய்க்கிழமை. ஒவ்வொன்றுக்கும் ஒருநாள் உபவாசம். அளவு ஏழுக்குக் கீழே போனால், எதையோ எழுதாமல் விட்டிருக்கிறேன் என்று மறுபடி தேடுவேன். நூற்றுப் பன்னிரண்டு எழுதியிருக்கிறேன். ஆண்டவரை அவ்வளவு கொடுமைக்காரராக நினைத்தேனே, அது மட்டும் அந்த நோட்டில் இல்லை.

என் பக்கத்திலேயே முழங்கால் போட்டு ஜெபித்தவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. உங்களுக்கும்.

எதையும் மறைத்துச் செய்ய எனக்கு வராது. சனிக்கிழமை எட்வின் வந்தான். நான் கூப்பிடவில்லை.

"அத்தை, எவ்ளோ ரத்தம் எடுப்பாங்க?"

"ஒரு ஊசி அளவுதான்."

"இவ்ளோதானா? இதுக்கா அம்மா ஒரு வாரமா வூட்ல சோறு பொங்காம உக்காந்துகினு கீது?"

ஷர்மிளாவும் அவனும் இங்கேயே ஒரு லேபில் ரத்தம் கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் தெரியும்.

ஹில்டா


படப்பை
1.7.2006

ஹில்டா,

என் பிள்ளை முழங்கையில் பஞ்சை ஒட்டிக்கொண்டு என் முன்னால் சாப்பிட உட்கார்ந்தான். என்னைக் கேட்காமல் அவனை ஊசி குத்த வைத்தாய்.

நூற்றுப் பன்னிரண்டு பாவம் எழுதினாயாம். புருஷன் மறைத்ததை வாசலில் வைத்துக் கேட்டது நூற்றுப் பதிமூன்று. எழுதிக்கொள்.

ஞானம்மாள்


கிழக்கு தாம்பரம்
10.7.2006

அண்ணிக்கு,

சனிக்கிழமை முடிவு வந்தது. எட்வினும் ஷர்மிளாவும் போய் வாங்கி வந்தார்கள். அவனுடைய காகிதம் அவனிடம் இருக்கிறது; உங்களிடம் காட்டுகிறேன் என்றான்.

ஷர்மிளாவுக்கு இல்லை. எட்வினுக்கு இருக்கிறது. அவன் கேரியர்.

தயவுசெய்து இதோடு நிறுத்தாமல் மேலே படியுங்கள். அவனுக்கு எந்த நோயும் இல்லை, வரவும் வராது. இருவரில் ஒருவருக்கு மட்டும் இருந்தால் நோயுள்ள பிள்ளை பிறக்காது. ஷர்மிளாவும் அவனும் தாராளமாகக் கல்யாணம் செய்துகொள்ளலாம். இதைத் தெரிந்துகொள்ளத்தான் அத்தனை சண்டையும். முடிவைப் பார்த்ததும் நான் முழங்கால் போட்டு அழுதேன். என்னை அழ வைத்தவர்களையும் அன்றைக்கு நினைக்கவில்லை. நீங்கள் தட்டை எடுத்துக்கொண்டு திரும்பி வாருங்கள். நான் வாசலுக்கு வந்து வாங்கிக்கொள்வேன்.

ஒன்று கேட்க வேண்டும். எட்வினுக்கு முன்னால் உங்களுக்கு ஒரு பையன் பிறந்து இரண்டு வயதுக்குள் இறந்தான் என்று என் அம்மா சொல்லியிருக்கிறாள். மஞ்சள் காமாலை என்றார்களாம். அவன் வெளுத்திருந்தானா? வயிறு வீங்கியிருந்ததா? எட்வினுக்கு இது உங்களிடமிருந்தோ அண்ணனிடமிருந்தோதான் வந்திருக்க முடியும். அதனால் கேட்கிறேன், குத்திக்காட்ட இல்லை.

ஹில்டா


படப்பை
31.7.2006

ஹில்டாவுக்கு,

எட்வினுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. என் நாத்தனார் தனக்கோடியின் மகள் ரூபி. கோவளத்தில் பூ வைத்துவிட்டு வந்தோம். செப்டம்பர் பதினாலு. அவர்கள் கல்யாணம் எந்தச் சபையில், எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று கேட்டார்கள். ரத்தம் கேட்கவில்லை. மனுஷர்கள்.

உன் பெண் சுத்தம், என் பிள்ளை குறை என்று காகிதம் வந்த பிறகு நான் தட்டோடு உன் வாசலில் வந்து நிற்க வேண்டும், நீ பெரிய மனசு பண்ணி வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தக் காட்சியைப் பார்க்கத்தானே இவ்வளவும்? அந்தக் காகிதம் அடுப்பில் போயிற்று. எட்வின் ஒரு வாரம் முறைத்துக்கொண்டிருந்தான், பிறகு சரி என்றுவிட்டான். தாய் சொல்லுக்கு மேல் அவனுக்கு ஒன்றுமில்லை.

என் மூத்த பிள்ளையைப் பற்றி இனி ஒரு வார்த்தை எழுதாதே.

ஞானம்மாள்


கிழக்கு தாம்பரம்
5.8.2006

அண்ணிக்கு,

ஷர்மிளா உங்கள் கடிதத்தைப் படித்தாள். "சரி" என்றாள். தட்டைக் கழுவப் போனாள். அவளைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

ரூபியைப் பற்றி எழுதுகிறேன். தனக்கோடி அண்ணனுடைய கூடப்பிறந்தவள். அண்ணன் வழியாக வந்ததாக இருந்தால் அவளிடமும் இருக்கலாம், அவளிடமிருந்து ரூபிக்கும் இறங்கியிருக்கலாம். ரூபிக்கு ஒரு ஊசி ரத்தம் எடுத்துப் பாருங்கள். இல்லை என்று வந்தால் நானே கல்யாணத்துக்கு வந்து பாத்திரம் கழுவுகிறேன்.

ஆமோஸுக்குக் கடைசி வருஷம் நரம்பு கிடைக்காது. கை, கால் எல்லாம் தேடிவிட்டுக் கழுத்துக்கு வருவார்கள். "அம்மா, இன்னிக்கு எந்த எடம்?" என்று கேட்பான், ஏதோ பஸ் எங்கே நிற்கும் என்று கேட்கிற மாதிரி. நீங்கள் மாதம் ஒருமுறை ஆரஞ்சுப் பழத்தோடு வந்து போனீர்கள். நான் உள்ளே இருந்தேன்.

இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வரை பார்ப்பேன். அதற்குள் நீங்கள் தனக்கோடியிடம் சொல்லாவிட்டால் நான் சொல்வேன்.

ஹில்டா


படப்பை
11.8.2006

ஹில்டாவுக்கு,

எழுதாதே என்று சொன்னதை நானே எழுதுகிறேன்.

அவன் வெளுத்துத்தான் இருந்தான். வயிறு பானை மாதிரி. மூச்சு விட்டால் விலா எலும்பு எண்ணலாம். எழுபத்தாறாம் வருஷம். அன்றைக்கு எனக்கு யாரும் காகிதம் கொடுக்கவில்லை. என் மாமியார் தொட்டிலருகே நின்று, "உங்க வூட்டுப் பீடைய எங்க வூட்டுக்கு இட்டாந்துட்டியே" என்றாள். அடக்கம் முடிந்து ஒரு வருஷம் என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. தனக்கோடி அவளுடைய மகள். முப்பது வருஷமாக அந்த வீட்டில் நான் தலை நிமிர்ந்தது எட்வினால். அவனிடமும் அது இருக்கிறது என்று தனக்கோடியிடம் நான் எந்த வாயால் சொல்வேன்?

நீ போகாதே. கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். போனால், தம்பி உன்னோடு வாழ மாட்டான். அவனிடம் பேசிவிட்டேன்.

ஞானம்மாள்


கிழக்கு தாம்பரம்
24.8.2006

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். தொட்டிலருகே உங்களிடம் சொன்னதைத்தான் நீங்கள் என்னிடம் சொன்னீர்கள். அதற்காக உங்களைப் பாவம் என்று நினைக்க வேண்டும். முயற்சி செய்கிறேன், வரவில்லை. ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: அந்தக் குழந்தைக்கு அண்ணனிடமிருந்தும் வந்தால்தான் அந்த நோய் வரும். உங்கள் மாமியார் வீட்டு ரத்தமும் அதில் சரிபாதி.

ஞாயிறு வரை காத்திருந்தேன். திங்கட்கிழமை கோவளம் போனேன்.

தனக்கோடி ரூபியின் கல்யாண ஜாக்கெட்டைத் தைத்துக்கொண்டிருந்தாள். "வாங்கக்கா, பத்திரிக வெச்சாங்களா?" என்று மிஷினை நிறுத்தினாள். சொன்னேன். பாதியிலேயே எழுந்துவிட்டாள்.

"கண்ணாலத்தைக் கலைக்க வந்துகீறியா? உம் பொண்ணுக்குக் கெடைக்கலன்னு எம் பொண்ணு சோத்துல மண்ணள்ளிப் போடறியா?"

"போட வரல தனக்கோடி. ஒரே ஒரு ஊசி..."

"ஊசியா? எங்கையிலயே கீது பாரு ஊசி. எழுந்து போ!"

ரூபி உள்ளேயிருந்து வந்தாள். "ம்மா, சும்மா கத்தாத. அவங்க சொல்லட்டும்." துணி வெட்டுகிற பழுப்புத் தாளை விரித்து, குறி போடும் சாக்கட்டியால் நாலு கட்டம் வரைந்து, தாய் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு எப்படி இறங்குகிறது என்று காட்டினேன். அவள் பிளஸ் டூ படித்தவள். இரண்டாவது கட்டத்திலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, இது எட்வின் மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போலேந்து?"

"ஜூலை எட்டு."

"நேத்து ராத்திரிகூட போன்ல, மண்டபத்துல சீரியல் லைட்டு போடலாமான்னு கேட்டுகினு இருந்தாரு" என்றாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, எந்த லேப் என்று கேட்டாள்.

உங்கள் மூத்த பிள்ளையைப் பற்றி நான் அங்கே வாய் திறக்கவில்லை. அது நீங்கள் சொல்ல வேண்டியது.

தம்பியிடம் பேசிவிட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான். திங்கட்கிழமையிலிருந்து அவர் மாடி அறையில் படுக்கிறார், ஹோட்டலில் சாப்பிடுகிறார். சபையில் மட்டும் வழக்கம்போல என் பக்கத்தில் உட்காருவார் என்று நினைக்கிறேன்.

ஹில்டா


படப்பை
9.9.2006

ஹில்டாவுக்கு,

ரூபிக்கும் இருக்கிறது. கல்யாணம் நின்றுவிட்டது. நானூறு பத்திரிகை கட்டுப் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

தனக்கோடி சண்டை போட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். வந்து உட்கார்ந்தாள். "அண்ணி, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டாள். அப்போதுதான் மூத்தவனைப் பற்றிச் சொன்னேன். சுவரில் அவள் அம்மாவின் படம் மாட்டியிருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே காபியைக் குடித்துவிட்டுப் போனாள். போகும்போது "அவன் பேரு இன்னா அண்ணி?" என்றாள். முப்பது வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. தானியேல் என்று சொன்னேன்.

நீ சொன்னதெல்லாம் சரியாகிவிட்டது. சரியாக இருந்ததற்காக உன்னை மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை. வராது என்றே நினைக்கிறேன்.

எட்வின் ஷர்மிளாவைக் கேட்டு வருகிறேன் என்கிறான். இனி எந்தத் தடையும் இல்லையே என்கிறான். நான் வரமாட்டேன், தடுக்கவும் மாட்டேன். உள்ளே விடுவதும் விடாததும் உன் இஷ்டம்.

ஞானம்மாள்


கிழக்கு தாம்பரம்
20.9.2006

அண்ணிக்கு,

எட்வின் ஞாயிற்றுக்கிழமை மாலை வந்தான். நல்ல சட்டை போட்டிருந்தான். கையில் ஸ்வீட் பாக்ஸ். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். அவரும் மாடியிலிருந்து இறங்கி வந்து உட்கார்ந்தார். இருபத்தேழு நாளுக்குப் பிறகு அவரும் நானும் வீட்டில் ஒரே அறையில்.

நான் சம்மதிக்கத் தயாராக இருந்தேன் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். காகிதத்தின்படி அவர்களுக்கு ஒரு ஆபத்தும் இல்லை. ஷர்மிளா அவனுக்காக அழுததையும் நான் பார்த்திருக்கிறேன், அவள் மறைத்தாலும்.

அவள் நின்றுகொண்டே பேசினாள். "ரத்தத்துல இருக்கறது உன் தப்பு இல்ல, எட்வின். அது தெரிஞ்சும் ரூபிகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம அவ கழுத்துல தாலி கட்ட இருந்தியே, அதுக்கு எந்த லேப்ல டெஸ்ட் பண்றது?"

"அம்மா சொன்னாங்கன்னு..."

"எங்கப்பாவுக்கும் அவங்க அக்காதான் சொன்னாங்க."

அவர் எழுந்து மாடிக்குப் போய்விட்டார். எட்வின் கொஞ்ச நேரம் ஸ்வீட் பாக்ஸின் நூலைப் பிரித்துப் பிரித்துச் சுற்றிக்கொண்டிருந்தான். நான் யார் பக்கமும் பேசவில்லை. பேச வேண்டியதை என் பெண் பேசிவிட்டாள், கல்யாணமான இருபத்தோரு வருஷத்தில் நான் பேசாததையும் சேர்த்து.

அவன் கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. பஸ் ஸ்டாண்டு வரை நனையாமல் போகட்டும் என்று குடையைக் கொடுத்தேன். அவன் கேட் தாண்டுவதற்குள் ஷர்மிளா வாசலுக்கு வந்தாள்.

"குடையத் திருப்பிக் குடுக்கன்னு வந்துடாதே" என்றாள்.

ஹில்டா